படத்தில் இல்லாத காட்சி

அவன் எனக்குத் தர வேண்டியிருந்தது பதினெட்டு ரூபாய். அதற்காகத்தான் செய்தேன் என்று முதல் தாளில் நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்தான். ஆனாலும் தலைகீழாக இருந்த எழுத்தை மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே கூட்டிவிட்டேன். பதினெட்டுக்கு ஒரு டீயும் ஒரு பன்னும் வரும். டீக்கும் பன்னுக்கும் ஓர் ஆளை முடிக்கிறவன் என்று பெயர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. அதை அடித்துவிடுங்கள் ஐயா, நானே எழுதித் தருகிறேன் என்றேன். தாள் கொடுத்தீர்கள். பேனாவும் நன்றாக எழுதுகிறது.

விஷயம் சினிமா. சமீபத்தில் மூன்று படம் பார்த்தேன். முதல் படத்தில் நாயகன் மூட்டை தூக்குகிறவர். பாட்டு நன்றாக இருந்தது. ஆனால் மூட்டையைத் தூக்கும்போது அவர் முழங்காலை மடக்கவே இல்லை. உள்ளே பஞ்சு என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் அம்மாவுக்காக அழுததையும் என்னால் நம்ப முடியவில்லை. இரண்டாவது பேய்ப்படம். அந்தப் பேய்க்கு நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் பயம் வரவில்லை. மூன்றாவது அப்பா படம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். கொலை செய்தவன் கடைசியில் உட்கார்ந்து காரணம் சொல்கிற படங்கள் எனக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டாவி வரும். இங்கே நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

நாங்கள் குளிர்க்கிடங்கில் சுமைவேலை பார்க்கிறவர்கள். கிடங்குக்குப் பின்னால் ஒரே அறையில் எட்டுப் பேர். மாற்றி மாற்றி வேலை, வாரத்தில் ஒருநாள் ஓய்வு. டிக்கெட் விலைக்கு எட்டுப் பேரும் தியேட்டருக்குப் போனால் மாதக் கடைசியில் பட்டினிதான். அதனால் அறையில் ஒரு ஏற்பாடு இருந்தது. எட்டுப் பேரும் பங்கு போட்டு ஒரு டிக்கெட் எடுப்போம். ஒருவன் போய் எல்லோருக்குமாகப் பார்த்துவிட்டு வருவான். அறைக்குப் பொதுவாக ஒரு நல்ல சட்டை ஆணியில் தொங்கும்; போகிறவன் அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். தியேட்டரில் தூங்கக்கூடாது. ஒன்றுக்கு வந்தாலும் இடைவேளை வரை அடக்க வேண்டும், ஏனென்றால் அவன் மூத்திரம் மற்ற ஏழு பேருக்கும் ஒரு காட்சி நஷ்டம். வந்து முழுப்படத்தையும் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் முறை வைத்துப் போனோம். ஒருத்தன் சண்டையை மட்டும் சொல்வான். இன்னொருத்தன் நாயகியின் இடுப்பைத் தாண்டமாட்டான். எங்களுக்குச் சமைத்துப் போடுகிற மாமா ஒருமுறை போய்விட்டு வந்து, “நல்ல மனுசங்க, கடைசில சேந்துட்டாங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். பிறகு எல்லோரும் என்னையே அனுப்பினார்கள். நான் சொன்னால் படம் ஓடுகிற நேரமே ஆகும். கதவு திறந்தால் கிரீச் என்பேன். மழை வந்தால் தட்டில் விரலால் தட்டுவேன். இடைவேளை விடுவேன். வேலையில் என்னை ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அறையில், அந்தச் சட்டையோடு, “அண்ணன் உக்காரட்டும்டா, தண்ணி குடுடா” என்பார்கள். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

எழுத்து கற்றதும் இதனால்தான். ‘யாருண்ணே எடுத்தது?’ என்று கேட்பார்கள், எனக்குப் பெயர் வாசிக்கத் தெரியாது. தலை நரைத்த பிறகு மாமாவிடம் உட்கார்ந்து பழைய சுவரொட்டிகளை வைத்துக் கற்றேன். தியேட்டரில் யார் உதவியும் இல்லாமல் நான் வாசித்த முதல் சொல் ‘இடைவேளை’. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு, ஊருக்குப் போய்விட்ட ஒருவனின் இடத்துக்கு அவன் வந்தான். இளவட்டம், கையில் பெரிய போன். எந்தப் படத்துக்கும் மூன்று நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்கமாட்டான் என்பதால் அறையில் அவனுக்கு ‘மூணு ஸ்டார்’ என்று பெயர். அவனுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. போனில் எல்லாப் படமும் வைத்திருப்பான். அதையும் இரட்டை வேகத்தில் ஓட்டுவான். தாலி அறுந்தவள் அணில் மாதிரி கீச்சிடுவாள். பாட்டு வந்தால் தள்ளுவான். யாராவது யோசித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றால் தள்ளுவான். முடித்துவிட்டுச் சொல்வான்: “சுமார்ணே. செகண்ட் ஹாஃப் இழுவை.” ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கையை அவன் பல் தேய்க்கிற நேரத்தில் பார்த்து, துப்பிவிடுவான்.

அவன் கெட்டவன் என்று நான் எழுதினால் அது பொய். எனக்குக் கண் மங்கல் என்று என் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தது அவன்தான். எனக்கு முதுகு பிடித்த வாரம் என் பங்குப் பெட்டிகளையும் அவன் இறக்கினான். அதையெல்லாம் நான் கணக்கில் வைத்திருந்தேன். அதனால்தான் நான் சொல்லும்போது அவன் குறுக்கே முடிவைச் சொன்னபோதெல்லாம் பொறுத்தேன். ஒருமுறை கொலைகாரன் யார் என்று நான் கொண்டுவந்து நிறுத்திய இடத்தில், சோற்றை மென்றுகொண்டே, “டாக்டர்தான்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு டாக்டர் எப்படிக் கொன்றார் என்று சொன்னேன்.

இப்போது அப்பா படம். ஊரை விட்டு வந்து வேலை பார்க்கிற ஒரு சுமைக்கூலி. மகளுக்குக் காய்ச்சல். அவர் லாரி மாறி, நடந்து, ஆற்றைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார். படம் முழுக்கப் போகிறார். இழுவை என்று சொல்கிறவன் சொல்லட்டும், போவது என்றால் அவ்வளவு நேரம் ஆகும். நான் அந்தப் படத்தை வேட்டி முனை நனைய அழுதுகொண்டு பார்த்தேன். அறைக்கு வந்து சொன்னேன். கடைசிக்கு முந்தைய காட்சியில், அப்பா வார்டுக்குள் வருகிறார், கையில் செருப்பு, கால் சேறு. மகள் கண்ணைத் திறந்து, “வந்துட்டியாப்பா” என்கிறாள். “வந்துட்டேன் கண்ணு, லாரி கிடைக்கல, அதான் லேட்டு” என்கிறார். “பரவால்லப்பா” என்கிறாள். பிறகுதான் கண்ணை மூடுகிறாள். இதைச் சொல்லி முடித்தபோது மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மற்றவர்களும் தலை தூக்கவில்லை. சொல்கிறவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்.

மூணு ஸ்டார் மேல் கட்டிலில் படுத்திருந்தான். தலையை மட்டும் கீழே தொங்கவிட்டான்.

“அண்ணே, ஒரு நிமிஷம். இந்த சீன் எங்க வருது?”

“கடைசிக்கு முன்னாடி.”

“அப்படி ஒண்ணு கிடையாதே. பொண்ணு இன்டர்வலுக்கு முன்னாடியே செத்துடும். இவரு போறப்ப பெட்டு காலியா இருக்கும். அதுதான்ணே படமே.”

ஒருவன், “நெசமாவாடா?” என்று கேட்டான். மூணு ஸ்டார் போனைத் தட்டி, தள்ளி, காலிக் கட்டிலைக் காட்டினான். போன் கைக்குக் கை போயிற்று.

“அண்ணன் நம்மகிட்ட காசு வாங்கிக்கிட்டு வேற படம் ஓட்டிட்டாருடா” என்றான் இன்னொருவன். சிரிப்பு. பிறகு மூணு ஸ்டார் சொன்னான், கோபமாக இல்லை, தன் கருத்தாகத்தான் சொன்னான்: “நல்லவேளை டைரக்டர் உங்ககிட்ட கேக்கலண்ணே. அந்த சீன வெச்சிருந்தா படம் பொட்டிக்குள்ள போயிருக்கும். ஓவர் செண்டிமென்ட்.”

மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியும்.

அந்தக் காட்சி என்னுடையது. எனக்கும் ஒரு மகள் இருந்தாள். காய்ச்சல் என்று தகவல் வந்த அன்று சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். “ரெண்டு லாரி நிக்குது, எறக்கிட்டுப் போ” என்றார். இறக்கிவிட்டுப் போனேன். கட்டில் காலியாக இருந்தது, விரிப்பைக்கூட மாற்றியிருந்தார்கள். ஆகவே படத்தில் சரியாகத்தான் எடுத்திருந்தார்கள். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அதை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லும்போது அந்த அப்பாவைக் கொஞ்சம் வேகமாக நடக்க வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. யாருக்கு என்ன நஷ்டம்?

சூப்பர்வைசர் மேல் கோபம் இல்லையா என்று நேற்றுக் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். அவர் லீவு தரவில்லை, அது அவர் வேலை. என் மகளை இடைவேளைக்கு முன்னால் இன்னொரு தடவை சாகடித்து, கைக்குக் கை கொடுத்துச் சிரிக்க வைத்தது அவரில்லை. அவனுக்குத்தான் உன் மகள் விஷயம் தெரியாதே என்றீர்கள். தெரியாதுதான். கேட்டிருக்கலாம். போனில் எல்லாவற்றையும் தேடுகிறவன், கீழ்க்கட்டிலில் படுத்திருக்கிற மனிதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாள் அந்தப் படத்துக்கான பங்கைக் கேட்டேன். பதினெட்டு. எல்லோரும் முன்பே கொடுத்திருந்தார்கள், அவன் மட்டும் பாக்கி. “நான் போன்லயே பாத்துட்டேனேண்ணே, உங்க ஷோவுக்கு நான் எதுக்கு டிக்கெட் எடுக்கணும்?” என்றான். விளையாட்டாகத்தான். அடுத்த வாரம் யாரும் பங்கு தரவில்லை. அந்தக் காசில் அவன் போனுக்கு ரீசார்ஜ் செய்தார்கள். ஆறு தலையும் அந்தச் சின்ன வெளிச்சத்தில் கூடிக் கிடந்தன. பொதுச் சட்டையால் ஒருவன் சைக்கிள் துடைத்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரீஸ் கறை போகாது என்று மட்டும் சொன்னேன்.

கிடங்கின் கதவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அது தானாக மூடிக்கொள்கிற கதவு. வேலை நடக்கும்போது கட்டை வைத்து நிறுத்துவோம். மூடிவிட்டால் உள்ளேயிருந்து திறக்க ஒரு தள்ளுகம்பி இருக்கிறது. கம்பியில் ஐஸ் பிடிக்கும். தினமும் காலையில் அதில் வெந்நீர் ஊற்றி, ஐஸ் இளகியதும் துணியால் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் ஊற்றிய தண்ணீரே உறைந்து கம்பியைக் கவ்விக்கொள்ளும், பிறகு யானை தள்ளினாலும் அசையாது. அந்த வேலை என்னுடையது. ஒருநாளும் தவறியதில்லை.

அன்று ஓய்வுநாள். மாலை லாரிக்காக நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அவன் போனைக் கதவருகே இருக்கிற சுவிட்சில் சார்ஜுக்குப் போட்டு, ஏதோ ஒரு படத்தை இரட்டை வேகத்தில் ஓடவிட்டிருந்தான். உள்ளே போய் இரண்டு பெட்டி எடுத்து வரச் சொன்னேன். இரண்டு பெட்டிதானே என்று கம்பளிக் கோட்டை மாட்டாமல் பனியனோடு போனான். படத்தை நிறுத்தக்கூட இல்லை. நான் கட்டையை எடுத்தேன்.

கதவுக்குப் பக்கத்தில் பெட்டிகளைத் தள்ளிவிடுகிற சின்னத் திறப்பு ஒன்று உண்டு. ரப்பர் மூடியைத் தூக்கினால் பேசலாம், ஆள் நுழைய முடியாது. முக்காலியை இழுத்துப்போட்டு அங்கே உட்கார்ந்தேன்.

“அண்ணே, கதவு வரல.”

“தெரியும்.”

“கம்பி ஐஸ் புடிச்சிருக்குண்ணே. வெளிய இருந்து தொறங்க.”

“உக்காரு. ஒரு படம் சொல்றேன்.”

சிரித்தான். “ஆள விடுங்கண்ணே, நடுங்குது.”

நான் தொடங்கிவிட்டேன். பெயர்கள் போடுவதிலிருந்து தொடங்கினேன். யார் எடுத்தது, யார் இசை, எல்லாம். முதல் பாட்டு வருவதற்குள் அவன் கதவை உதைக்க ஆரம்பித்தான். உதைக்கிற சத்தம் கதைக்கு இடைஞ்சல்தான், ஆனாலும் குரலை உயர்த்திக்கொண்டு சொன்னேன். திட்டினான். என் அம்மாவைச் சொல்லித் திட்டினான். தியேட்டரிலும் அப்படிப்பட்ட ஆட்கள் உண்டு. பிறகு, “அண்ணே, காசு தர்றேண்ணே. பதினெட்டுதானே, நூறா தர்றேன்” என்றான். அது எனக்கு உண்மையாகவே கோபத்தைத் தந்தது. அந்த நிமிடம் வரை எதற்காக இது நடக்கிறது என்று அவனுக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். உங்களைப் போலவே அவனும் நினைத்திருக்கிறான்.

எந்தப் பாட்டையும் நான் தள்ளவில்லை. அப்பா ஜன்னலோரம் நிற்கிற இடத்தில் அவர் நின்ற அளவுக்கு நானும் பேசாமல் இருந்தேன். உள்ளே பற்கள் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் அவன் போனில் யார் யாரோ கீச்சிட்டு ஓடி, அந்தப் படம் தன்பாட்டுக்கு முடிந்து, திரை அணைந்தது. எங்கள் படம் பாதிகூட வரவில்லை.

இடைவேளை விட்டேன். டீ போட்டுக் குடித்தேன். அப்போது திறந்திருக்கலாமே என்பீர்கள். திறந்திருக்கலாம். கதவுக்கு வெளிப்பக்கக் கைப்பிடியில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் பாதிப் படத்தில் யாரும் கதவைத் திறப்பதில்லை. திறந்தால் வெளிச்சம் வந்துவிடும். வந்து உட்கார்ந்தபோது அவன் உதைப்பதை நிறுத்தியிருந்தான். திறப்புக்கு அடியில் வந்து குந்தியிருக்கிறான் என்பது மூச்சிலிருந்து தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு கவனமாக யாரும் என்னிடம் கதை கேட்டதில்லை. இரண்டாம் பாதியை நான் அதுவரை சொன்னதிலேயே நன்றாகச் சொன்னேன். ஆற்றைக் கடக்கிற இடத்தில் என்னை அறியாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு என் காட்சி வந்தது. செருப்பு, சேறு, “வந்துட்டியாப்பா”, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

“இந்த சீன் இருக்கா, இல்லையா?” என்று கேட்டேன்.

பதில் வர நேரமாயிற்று. நாக்கு ஒட்டிக்கொண்டவன் மாதிரி பேசினான்.

“இருக்குண்ணே. நான்தான்... தள்ளிட்டேன்.”

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

அந்தக் குரலை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அதில் பொய் இல்லை. அந்த நிலைமையில் இருக்கிறவன் எதற்குப் பொய் சொல்லப் போகிறான்? எனக்கு நெஞ்சு லேசாயிற்று. திறப்பதற்காக எழுந்துகூட விட்டேன். ஆனால் கடைசிக் காட்சி பாக்கி இருந்தது. அப்பா தனியாகத் திரும்பி வருகிறார். வந்த வழியெல்லாம் திரும்ப நடக்கிறார். முடிவு சொல்லாமல் கதையை விடுவது எனக்குப் பழக்கமில்லை. உட்கார்ந்து, எதையும் விடாமல் சொன்னேன். ‘வணக்கம்’ போடுவது வரைக்கும் சொன்னேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

கதவு மாட்டிக்கொண்டது, துடைக்க மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதையும் அடித்துவிடுங்கள். மறக்கவில்லை. அன்று காலையில் வெந்நீர் ஊற்றவில்லை. பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றி, உறைய விட்டு, மறுபடி ஊற்றி, மறுபடி உறைய விட்டேன். கம்பி கண்ணாடி மாதிரி ஆகும்வரை ஊற்றினேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அவன் தூங்கி எழுந்து வருவதற்காகக் காத்திருந்தேன்.

இன்று காலையில் அவன் போனை எனக்குக் காட்டினீர்கள். அதில் என் குரல் இருந்தது. அன்றிரவு நான் அப்பா படம் சொன்னதை மேல் கட்டிலிலிருந்து அவன் பதிவு செய்து, தன் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறான். என் காட்சி முடிகிற இடம் வரை முழுதாக இருக்கிறது. அடியில் எழுதியிருந்ததை நீங்கள் வாசிக்க வந்தீர்கள். வேண்டாம் என்று நானே கூட்டினேன். ‘படம் சுமார்க்கா. இந்த அண்ணன் சொல்றதக் கேளு, அழுதுடுவ.’

அதைப் படித்ததும் நான் உடைந்து போவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தீர்கள். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. குளிர் தாங்காமல் சொன்னது, உயிருக்குப் பயந்து சொன்னது என்று இனி யாரும் பேச முடியாது பாருங்கள். அந்தக் காட்சி அவனுக்கு முதலிலிருந்தே பிடித்திருக்கிறது. உள்ளே சொன்னதும் அதையேதான். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் அக்காவிடம் சொன்னானே என்ற கோபம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. அதுவும் போய்விடும்.

அவன் அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று காவலர் சொன்னார். தம்பி வைத்த பாக்கியை நானே தந்துவிடுகிறேன் என்று பதினெட்டைக் கையில் பொத்தி வைத்திருக்கிறாளாம். அவளிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுந்து போகாமல் முழுப்படத்தையும் உட்கார்ந்து கேட்டவனிடம் டிக்கெட் காசு கேட்பது முறையில்லை.